பழைய கார் கசற் பிளேயரைத் துப்புரவாக்கி ஓடவைப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு

பெரியம்மா கனடாவுக்குப் போன புதிதில் கடிதம் எழுதாமல் ஒரு கசற்றில் பேசி அனுப்பினார். அறுபது நிமிடக் கசற். ஒரு பக்கம் முழுக்க எங்கள் வளவில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பார். மற்றப் பக்கத்தில் பேச்சு பாதியில் நின்று ஒரு தேவாரம் வரும். பெரியம்மா இப்போது இல்லை. வீட்டு ரேப் ரெக்கோடர் எப்போதோ பழுதாகிவிட்டது. அப்பாவின் காரில் இருந்த கசற் பிளேயர்தான் மிச்சம். போன ஆடி மாதம் அந்தக் கசற்றை அதில் போட்டேன். ஒரு நிமிடம் குரல் கேட்டது. பிறகு தடித்தது, இழுபட்டது, நின்றது. வெளியே எடுத்தபோது கசற் கூடு மட்டும் கையில் வந்தது. நாடா உள்ளே சிக்கிக்கொண்டது.

அதை மீட்டு, பிளேயரை ஒழுங்காக ஓடவைக்க எனக்கு நான்கு மாதம் எடுத்தது. முறை தெரிந்திருந்தால் இரண்டு பின்னேரங்களில் முடிந்திருக்கும் வேலை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பிளேயர் கெட்டால் இன்னொன்று தேடலாம், நாடா போனால் போனதுதான். ஆகவே நீங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் கசற், கடைசிப் படியில்தான் பிளேயருக்குள் போக வேண்டும்.

1. நாடா சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள்

காரின் சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி வெளியேற்றும் பொத்தானை அழுத்த வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலிலும் நாடா இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். சிக்கிய கசற்றோடேயே பிளேயரைக் கழற்றி எடுத்து (கழற்றும் முன் 2ஆம், 4ஆம் படிகளை வாசித்து அதன்படி செய்யுங்கள்), மேல் தகட்டைத் திறவுங்கள். உள்ளே பாரமான ஒரு சில்லு தெரியும். அதை விரலால் பின்பக்கமாக மெல்ல மெல்லச் சுற்றினால், தண்டில் சுற்றியிருக்கும் நாடா அவிழ்ந்து வரும். எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. கத்தரிக்கோலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சுருங்கிப்போன நாடாவை ஆறு பட்டைப் பென்சில் ஒன்றைக் கசற்றின் பல்லுக்குள் விட்டுச் சுற்றி உள்ளே எடுக்கலாம். சுருக்கம் விழுந்த இடத்தில் ஒலி ஓரிரு செக்கன் மங்கும், அவ்வளவுதான். அறுந்துவிட்டால் சாதாரண செலோரேப் ஒட்ட வேண்டாம். வெக்கையில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்று நாடாவையும் பிடித்துவிடும். நாடா ஒட்டுவதற்கென்றே தனியான ஒட்டி உண்டு; கிடைக்கும்வரை அறுந்த இரண்டு நுனிகளையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

2. எழுதிவைக்க வேண்டியவையும் எடுத்துவைக்க வேண்டியவையும்

ஒரு கொப்பியில் இவற்றைக் குறியுங்கள்: பிளேயரின் மேல் அல்லது பக்கத் தகட்டில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கம், பின்னால் உள்ள பியூஸின் அம்பியர் அளவு, ஒவ்வொரு வயரின் நிறமும் அது போகும் இடமும். கைபேசியால் படமும் எடுங்கள். மாதிரி இலக்கம் இல்லாமல் கடைக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். இலக்கத்தை வைத்து இணையத்தில் தேடினால் பல பிளேயர்களுக்குத் திருத்தற் கையேடு கிடைக்கிறது. மோட்டரையும் சில்லையும் இணைக்கும் இறப்பர் வளையமான பெல்ட்டின் இலக்கமும் அதில்தான் இருக்கும்.

சில ஐரோப்பியக் கார்களில் பற்றரியைக் கழற்றினால் பிளேயர் பூட்டிக்கொள்ளும். இரகசிய இலக்கம் கொடுத்தால்தான் திரும்ப இயங்கும். அந்த இலக்கம் எழுதிய சிறிய அட்டை பெரும்பாலும் காரின் கைநூலுக்குள் இருக்கும். பற்றரியில் கைவைப்பதற்கு முன் தேடி எடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் இன்னொன்று. அந்தக் கார்களின் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்கே எவ்.எம். ஒலிபரப்பு 108 வரை போகிறது. ஆகவே ரேடியோவில் நிலையங்கள் வரவில்லை என்பதற்காக முழுப் பெட்டியும் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரேடியோவைப் போட்டு ஒலியைக் கூட்டிப் பாருங்கள். இரைச்சலாவது கேட்டால் ஒலிபெருக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் கசற் ஓடும் பகுதியில்தான். இந்த ஒரு சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் முதல் மாதத்தை மிச்சம் பிடித்திருப்பேன்.

3. வாங்க வேண்டிய சாமான்கள், நான் கொடுத்த விலைகள்

ஐசோபுரோப்பைல் அற்ககோல் 100 மில்லிலீற்றர்: 450 ரூபாய். 99 வீதம் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். 90க்குக் குறைய வேண்டாம். மருந்தகங்களில் அதிகம் இருப்பது 70 வீதம், மிச்சம் தண்ணீர். கை கழுவும் ஜெல்லில் கிளிசரின் இருக்கிறது, அது படிந்துவிடும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்ற பெயரில் விற்பவற்றில் தோல் வறளாமல் இருக்க எண்ணெய் சேர்ப்பதும் உண்டு, அதையும் தவிருங்கள். தின்னர், பெற்றோல், நகப்பூச்சு அகற்றும் திரவம் மூன்றும் பிளாஸ்ரிக்கையும் இறப்பரையும் கரைக்கும்.

பஞ்சுக்குச்சி ஒரு பெட்டி 150 ரூபாய். மெல்லிய பெயின்ற் தூரிகை 100 ரூபாய். தையல் இயந்திர எண்ணெய் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மல்ரிமீற்றர் நண்பரிடம் இரவல். பெல்ட் இரண்டு 600 ரூபாய். அதற்கு அலைந்த கதை ஏழாவது படியில். நீங்களே செய்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். தெரியாமல் நான் இழந்தது அதைவிடப் பல மடங்கு.

4. பிளேயரைக் காரிலிருந்து கழற்றுதல்

முதலில் பற்றரியின் ஏர்த் வயரை, அதாவது காரின் உடலோடு பூட்டியிருக்கும் வயரை, கழற்றுங்கள். எந்தக் காரிலும் பாதுகாப்பான முதல் அடி இதுதான்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நம் ஊரில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40 டெவன், சொமர்செற் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பிற்காலக் கசற் பிளேயர்கள் எல்லாம் நெகற்றிவ் முனை உடலோடு இணைந்த கார்களுக்குச் செய்யப்பட்டவை. பிளேயரின் தகரக் கூடே நெகற்றிவ். அதை ஏ40இன் உடலில் திருகினால், பிளேயரின் கூடு காரின் பொசிற்றிவ் முனையோடு சேர்ந்துவிடும். பிறகு பிளேயரின் பொசிற்றிவ் வயரை எங்கே கொடுத்தாலும் ஒன்றில் தலைகீழ் மின்சாரம், இல்லாவிட்டால் இயங்கவே இயங்காது. கொக்குவிலில் என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் நல்ல பிளேயர் ஒன்று புகைந்துபோனது. காரை யாரோ முன்னரே மாற்றியும் இருக்கலாம். ஆகவே யார் என்ன சொன்னாலும் போனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனையிலிருந்து வரும் தடித்த வயர் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்துங்கள்.

கழற்றும் முறை காருக்குக் கார் வேறு. ஐரோப்பியப் பிளேயர் என்றால் முகப்பின் இரண்டு ஓரமும் சிறு துளைகள் இருக்கும். ஆங்கில ‘யூ’ எழுத்துப்போல வளைந்த கம்பிச் சாவி இரண்டைச் செருகி இழுக்க வேண்டும். சைக்கிள் கம்பியை வளைத்தும் செய்யலாம். ஜப்பான் கார்களில் பக்கவாட்டில் திருகாணி. முதலில் டாஷ்போட்டின் அலங்காரச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் நின்ற காரின் பிளாஸ்ரிக் இளகியும், குளிர்ந்த காலையில் நொறுங்குவதுபோலவும் இருக்கும். மெல்லிய வெயில் பட்ட பின்னேரம் மூன்று மணி நல்ல நேரம். இரண்டு குமிழ்த் தண்டுள்ள பழைய வகையில் குமிழை இழுத்தெடுத்தால் உள்ளே நட் தெரியும்.

கழற்றிய வயர் நுனிகளுக்கு ஒவ்வொன்றாக ரேப் சுற்றுங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியரில் மாற்றுங்கள். வெள்ளித்தாள் சுற்றி ஓடவிட்ட பிளேயர் ஒன்று டாஷ்போட்டையும் சேர்த்து எரிக்கும்.

5. மேல் தகட்டைத் திறந்து தூசி எடுத்தல்

வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் செய்யுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வளவில் இருந்து திறந்தால், எடுத்த தூசியைவிடப் போகும் தூசி அதிகமாக இருக்கும். வலிகாமத்துச் செம்மண் தூசி நெய்போல மென்மையானது; எண்ணெய் பட்ட இடமெல்லாம் அரைச்ச மஞ்சள்போல அப்பிக்கொள்ளும். தூரிகையால் தட்டி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். கராஜில் உள்ள காற்றுக் குழாயும் வேண்டாம்; அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், சிறு ஸ்பிரிங்குகளும் பறந்துவிடும்.

6. ஹெட், தண்டு, ரோலர்

இதுதான் முழு வேலையின் இதயம். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் நாடா எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கப்ஸ்ரன் எனப்படும் மெல்லிய உருக்குத் தண்டும், அதோடு அழுத்திச் சுழலும் இறப்பர் ரோலரும் சேர்ந்து நாடாவைச் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் இழுத்து முன்னே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட நாடாவை மறுபக்கச் சில்லு உடனுக்குடன் சுற்றி வாங்க வேண்டும். அது வாங்கத் தவறினால் நாடா நடுவில் குவிந்து, ரோலரில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். பிளேயர் நாடாவைத் தின்கிறது என்கிறோமே, நடப்பது இதுதான். காரணம் இரண்டில் ஒன்று: ரோலர் அழுக்குப் பிடித்து ஒட்டும் தன்மை அடைந்திருக்கும், அல்லது பெல்ட் தளர்ந்து வாங்கும் சில்லு சோர்ந்திருக்கும். என் பிளேயரில் இரண்டுமே இருந்தன.

ஹெட் என்பது நாடாவில் உள்ள ஒலியைப் படிக்கும், கண்ணாடிபோல மினுங்கும் சிறிய உலோகக் கட்டி. அற்ககோலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் நாடா ஓடும் திசையில் துடையுங்கள். கபில நிறத்தில் வருவது நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஒட்சைட்டுத் தூள். குச்சி வெள்ளையாக வரும்வரை புதிது புதிதாக மாற்றுங்கள். எனக்குப் பதினொரு குச்சி போனது. நகம், ஊசி, கத்தி எதுவும் அதில் படக்கூடாது. தண்டையும் அப்படியே துடைக்க வேண்டும். தண்டில் கறுப்பு வளையமாக இறுகிய அழுக்கு இருந்தால் குச்சியை அரை நிமிடம் அதன்மேல் வைத்து ஊறவிடுங்கள்.

ரோலருக்கு மட்டும் முறை வேறு. பழைய இறப்பரை அற்ககோல் அடிக்கடி பட்டால் வறளவைக்கும். சவர்க்காரம் ஒரு துளி கலந்த தண்ணீரில் குச்சியை நனைத்து, ரோலரை விரலால் உருட்டி உருட்டித் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து உலரவிடுங்கள். நல்ல ரோலர் மங்கலான கறுப்பாக இருக்கும். மினுங்கினால் இறப்பர் இறுகிவிட்டது. வெடிப்புத் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பக்கம் தானாக மாறும் பிளேயர்களில் தண்டும் ரோலரும் இரண்டிரண்டு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை மட்டும் துடைத்துவிட்டு மூடுகிறார்கள். மறுபக்கம் ஓடும்போது நாடா போய்விடுகிறது. இரண்டையும் எண்ணித் துடையுங்கள்.

துப்புரவுக் கசற் என்று விற்பது போதாதா என்று கேட்பீர்கள். ஈர வகை, நன்றாக இருக்கும் பிளேயரைப் பராமரிக்க உதவும். வருடக்கணக்காக இறுகிய அழுக்குக்கு உதவாது. உலர் வகை ஹெட்டை உராய்ந்து தேய்க்கும். அதை நான் வாங்கமாட்டேன்.

7. பெல்ட்

மோட்டரிலிருந்து சில்லுக்குப் போகும் இறப்பர் வளையம்தான் பெல்ட். நம் வெக்கையில் அது ஒன்றில் தளர்ந்திருக்கும், அல்லது தார்போல உருகி ஒட்டியிருக்கும். உருகியிருந்தால் கையுறை போடுங்கள். அந்தக் கறை உடுப்பிலிருந்து போகாது. ஒவ்வொரு கப்பியின் தவாளிப்பையும் அற்ககோலால் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் புதிய பெல்ட் துள்ளும், பாட்டு நடுங்கும்.

அளவு எடுப்பது எப்படி? பழைய பெல்ட் முழுதாக இருந்தால் அதைக் கொண்டே போங்கள். உருகியிருந்தால், பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி நீளத்தை அளந்து, அதில் ஏறத்தாழ 5 வீதம் குறைத்துக் கேளுங்கள். பெல்ட்டின் வெட்டுமுகம் சதுரமா தட்டையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டாதது கட்டுக்கட்டும் சாதாரண இறப்பர் வளையம். அது ஒரு வாரம் ஓடும், பிறகு இழுபட்டு நாடாவைச் சிக்கவைக்கும்.

நான் ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் மூன்று நாள் கடை கடையாக ஏறினேன். புதிய சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பயனில்லை. பழைய ரேடியோ திருத்தும் சிறு கடைகளில் பெல்ட்டுகள் கலந்து கிடக்கும் ஒரு தகரப் பெட்டி இருக்கும்; அதைக் கேளுங்கள். சுன்னாகத்தில் அப்படி ஒரு பெட்டியில்தான் எனக்கு ஒன்று கிடைத்தது. மற்றது கொழும்பில் இருக்கும் மைத்துனர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி, இரவு பஸ்ஸில் வந்தவரிடம் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் எடுத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். பொதி வந்ததாகத் தபாற்கந்தோர் அறிவித்தால் அந்தத் துண்டோடு தேசிய அடையாள அட்டையையும், பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியையும் கொண்டுபோங்கள். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினரிடம் சொல்லிவைப்பது எல்லாவற்றிலும் இலகு. பெல்ட் ஒரு கடித உறைக்குள் அடங்கும்.

8. எண்ணெய்

தையல் இயந்திர எண்ணெய், ஊசி நுனியில் எடுத்த ஒரு துளி, தண்டு சுழலும் அடித்துளையில் மட்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம்; அது காலப்போக்கில் பிசினாகும். ரோலர், பெல்ட், கப்பி எதிலும் எண்ணெய் படக்கூடாது. பட்டால் ஆறாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

9. வேண்டாத கசற்றால் சோதித்தல்

இப்போது, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கசற்றைப் போடுங்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு மேற்பட்டது வேண்டாம். 120 நிமிடக் கசற்றின் நாடா மிக மெல்லியது, அதனால் சுற்றிக்கொள்ள இலகு. மேல் தகட்டை மூடாமல் ஓடவிட்டு, வாங்கும் சில்லைப் பாருங்கள். தடங்காமல் சுழல வேண்டும். இரண்டு பக்கமும் முழுதாக ஓடி முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

வேகம் பார்க்க, கடையில் பதிவாகி விற்ற கசற்றிலும் கைபேசியிலும் உள்ள ஒரே பாட்டை ஒன்றாகத் தொடங்குங்கள். நான்கு நிமிடப் பாட்டில் 2.4 செக்கன் வித்தியாசம் வந்தால் அது ஒரு வீதம். காது கண்டுபிடிப்பது கடினம். ஐந்து, ஆறு செக்கன் வந்தால் மோட்டரின் பின்னால் உள்ள சிறு துளைக்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு மயிரிழை அளவு திருப்பலாம். புது பெல்ட் போட்ட அன்றே திருப்பாதீர்கள். இரண்டு நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.

குரல் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மங்கலாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகாணியைக் காற்சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, ‘ஸ’, ‘ச’ ஒலிகள் தெளியும் இடத்தில் நிறுத்தலாம். எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதுங்கள். பக்கம் தானாக மாறும் பிளேயர் என்றால் கையேடு இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

10. கடையில் கொடுப்பதானால்

காரை விடாதீர்கள், பிளேயரை மட்டும் கொண்டுபோங்கள். கார் நிற்கத்தான் வேண்டுமென்றால் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கொடுத்த இடத்தில் ஹெட்டைத் துடைக்க மண்தாள் போட்டார்கள். 2,500 ரூபாயும் கொடுத்து, கீறல் விழுந்த ஹெட்டோடு வீட்டுக்கு வந்தேன். அதே மாதிரிப் பிளேயர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து ஹெட்டை மாற்ற 4,000 ரூபாயும் ஆறு வாரமும் போயின. ஆகவே கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஹெட்டை எதால் துடைப்பீர்கள்?’ அற்ககோலும் பஞ்சும் என்ற பதில் வராவிட்டால் பிளேயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றும் சாமானின் பெயரும் கூலியும் எழுதிய பற்றுச்சீட்டும், கழற்றிய பழைய பாகமும் கையில் வர வேண்டும்.

11. இனி ஓடும் காலத்தில்

இருபது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஹெட்டைத் துடையுங்கள். எஞ்சினை நிறுத்தும் முன் கசற்றை வெளியே எடுங்கள். உள்ளே விட்டால் ரோலர் தண்டோடு அழுந்தியபடியே இருந்து ஒரு பக்கம் குழியும், நாடாவிலும் மடிப்பு விழும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போட்டில் கசற்றை விட்டால் கூடு வளைந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் படியும். அப்படிப் படிந்த கசற்றைத் துப்புரவாக்காமல் எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள். அது மற்றக் கசற்களுக்கும் பரவும்.

12. அந்தக் கசற்

முதலில் கசற்றின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு எந்த ரெக்கோடரில் போட்டாலும் தவறுதலாக அதன்மேல் பதிவு விழாது. பென்சிலால் சில சுற்றுச் சுற்றி, நாடா ஒட்டாமல் இலகுவாக வருகிறதா என்று பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய பஞ்சு மெத்தை இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது கழன்றிருந்தால் ஒலி சரியாக எழாது. திருகாணி போட்ட வேறொரு கசற்றின் கூட்டுக்குள் நாடாச் சுருளை மாற்றிவிடலாம்.

முதல் தடவை ஓடும்போதே பதிவு செய்யுங்கள். இரண்டாம் தடவை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிளேயரின் ஒலிபெருக்கி வயரைக் கைபேசியில் நேராகச் செருகாதீர்கள். அந்த வலுவைக் கைபேசி தாங்காது. நான் இரவு பத்து மணிக்குக் காரை வீட்டுக்குள் விட்டு, எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பின் இருக்கையில் தலையணைமேல் கைபேசியை வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு நல்ல பற்றரி தாராளமாகத் தாங்கும். அசையாமல் இருங்கள், இருக்கை முனகுவதும் பதிவாகும்.

பதிவு முடிந்ததும் கேட்டுப் பார்த்து, அன்றிரவே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். தாயின் குரல் அவரிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை.